டிக்கெட் காசில் மலை ஏறாது பஸ்... ஜவ்வாது மலைக்கு யார் பில் கட்டுவது?

அரசு டவுன் பஸ்ஸில் ஏறும் பெண்களிடம் கண்டக்டர் காசு வாங்குவதில்லை. ஆனால் டிக்கெட் மட்டும் கொடுப்பார். கட்டணம் பூஜ்யம் என்று போட்ட துண்டுச் சீட்டு. வாங்கிய கையோடு பலரும் கசக்கிப் போட்டுவிடுவார்கள். 'இலவசம்னு சொல்லிட்டு எதுக்கு டிக்கெட்டு?' என்று கேட்பவர்களும் உண்டு.

அது உங்களுக்கான சீட்டு இல்லை, அரசாங்கத்துக்கான பில். இத்தனை பெண்கள் ஏறினார்கள், இவ்வளவு தொகை எங்களுக்கு வரவேண்டும் என்று போக்குவரத்துக் கழகம் அரசிடம் கணக்குக் காட்டுவதற்கான சீட்டு. ஆள் ஏறினால் பில், ஏறாவிட்டால் பில் இல்லை. நம்ம ஊர் பஸ்ஸுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள இந்தச் சீட்டைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. ஜவ்வாது மலையின் உள்கிராமங்களில் பஸ் ஏன் இவ்வளவு அரிதாக வருகிறது என்பதற்கான பதிலில் பாதியும் இதற்குள்தான் இருக்கிறது.

ஜவ்வாது மலை என்றதும் உங்களில் பலருக்கு பீமன் அருவியும், ஜமுனாமரத்தூர் கோமுட்டேரி ஏரியும், காவலூர் வானியல் ஆய்வகமும் நினைவுக்கு வரலாம். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வார இறுதியில் கார் எடுத்துக்கொண்டு போய்வரத் தோதான இடம்தான். வளைந்து வளைந்து ஏறும் சாலை, சாமை வயல், பலா, தேன், குளிர்ந்த காற்று. இன்ஸ்டா ரீல்ஸுக்குக் குறையே இல்லை. ஆனால் அந்த மலையில் குடியிருப்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அவர்கள் நம்பியிருப்பது பஸ்ஸை. அது வராவிட்டால் ஜீப், பைக், 'குட்டி யானை' என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் சின்ன லோடு வண்டி. அதுவும் இல்லாவிட்டால் கால்நடை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். சாதாரண புறநகர் பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 42 பைசாவாக இருந்ததை 60 பைசா ஆக்கினார்கள். போராட்டம் வெடித்ததும் அதே மாதக் கடைசியில் 58 பைசாவுக்கு இறக்கினார்கள். அந்தக் கணக்கில் 40 கிலோமீட்டருக்கு 23 ரூபாய் சில்லறை. மலைப்பாதைக்கென்று சேரும் கூடுதல் கட்டணத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது ஒரு கற்பனை. பஸ் நிறைய 50 பேர். எல்லோரும் கடைசி நிறுத்தம் வரை போகிறார்கள், எல்லோரும் காசு கொடுக்கிறார்கள். ஒரு நடைக்கு வசூல் சுமார் 1,160 ரூபாய். மலை ஏறும்போது பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 10 லிட்டர் டீசல். சென்னை விலைக்கு 92 ரூபாய் என்று போட்டால் 920 ரூபாய். மிச்சம் 240. டிரைவர் சம்பளம், கண்டக்டர் சம்பளம், டயர், பிரேக், இன்ஷூரன்ஸ், பஸ் வாங்கிய கடனுக்கு வட்டி, ஓய்வுபெற்றவர்களின் பென்ஷன் எல்லாம் அந்த 240 ரூபாய்க்குள் அடங்கவேண்டும். 2018-ல் கட்டணம் மாறியபோது சென்னையில் டீசல் 66 ரூபாய் வாக்கில் இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். டீசல் ஏறிவிட்டது, டிக்கெட் அங்கேயே நிற்கிறது.

இது நிறைந்த பஸ்ஸின் கதை. மத்தியான நடையில் 20 பேர் வந்தால் வசூல் 464 ரூபாய். டீசல் செலவில் பாதிக்கு வருகிறது.

பஸ் ஓட்ட உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் சென்னையைப் பாருங்கள். 2025 ஜூன் 30-ம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றை ஓட்டுவது தனியார் நிறுவனம். மாநகர் போக்குவரத்துக் கழகம் அந்த நிறுவனத்துக்கு, ஏசி இல்லாத பஸ்ஸுக்கு, கிலோமீட்டருக்கு 77 ரூபாய் சொச்சம் கொடுக்கிறது. பஸ் விலை, பராமரிப்பு, டிரைவர் எல்லாம் அதற்குள் அடக்கம். மின்சார பஸ்ஸையும் மலை பஸ்ஸையும் அப்படியே ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் ஒரு குத்துமதிப்புக்கு, 40 கிலோமீட்டருக்கு 3,000 ரூபாய்க்கு மேல். நம் நிறைந்த பஸ்ஸின் வசூல் 1,160.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஒரு எண் இருந்தது. அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 பைசா நஷ்டம். கொரோனா காலத்து நெருக்கடியை ஒட்டி வந்த கணக்கு அது, அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது. ஆனால் அந்த எண் சொன்ன விஷயம் மாறவில்லை. சமவெளியில் நிறைந்து ஓடும் பஸ்ஸே நஷ்டத்தில்தான் ஓடுகிறது. அதனால் 'மலை ரூட்டில் கலெக்‌ஷன் இல்லை, அதனால் பஸ் விட முடியாது' என்று யாராவது சொன்னால், 'சார், கலெக்‌ஷனில் கட்டுப்படியாகும் ரூட் எது?' என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

அப்ப பணம் எங்கிருந்து வருது?

2025-26 நிதிநிலை அறிக்கையில் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஒதுக்கிய மூன்று பெரிய மானியங்களைப் பாருங்கள். மகளிர் விடியல் பயணத்துக்கு 3,600 கோடி. மாணவர்களின் கட்டணச் சலுகைக்கு 1,782 கோடி. டீசல் மானியம் 1,857 கோடி. மொத்தம் 7,239 கோடி ரூபாய். 2021 மே மாதம் மகளிர் திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு 1,200 கோடி ஆகும் என்றுதான் மதிப்பிட்டார்கள். நான்கே ஆண்டில் மூன்று மடங்கு. அந்த அளவுக்குப் பெண்கள் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள் என்றும் இதைப் படிக்கலாம். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. ஒரு குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

புது பஸ் வாங்குவது தனிக் கணக்கு. அதற்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வளர்ச்சி வங்கி கடன் கொடுக்கிறது. 2,213 பி.எஸ்-6 பஸ், 500 மின்சார பஸ் என்று 2019-ல் போட்ட ஒப்பந்தம் அது. சென்னை மின்சார பஸ்ஸுக்குப் பின்னால் உலக வங்கி நிற்கிறது. இவை போக 1975-ல் தொடங்கிய தமிழ்நாடு போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கி, அரசு பஸ் கழகங்களுக்குக் கடன் கொடுக்கும் அரசு நிறுவனம். உங்கள் பெரியப்பா ரிட்டையர்மென்ட் பணத்தை அதில் போட்டிருந்தால், நீங்கள் ஏறிய பஸ்ஸில் ஒரு டயராவது அவர் பணமாக இருக்கலாம்.

இத்தனை வழியில் பணம் வருகிறதே, மலைக்கு மட்டும் ஏன் போய்ச் சேர மாட்டேன் என்கிறது? மறுபடி அந்த மூன்று மானியங்களைப் பாருங்கள். முதலிரண்டும் தலையை எண்ணித் தரப்படுபவை. மூன்றாவது, ஏற்கெனவே ஓடும் பஸ்ஸின் டேங்கில் ஊற்றப்படுவது. 'இந்த ஊருக்கு பஸ் போகவேண்டும்' என்பதற்காக மட்டும் தரப்படும் மானியம் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. திருவண்ணாமலையிலிருந்து ஆரணிக்கு ஒரு நடை அதிகமாகப் போனால் ஜீரோ டிக்கெட் மளமளவென்று கிழியும். பத்துப் பதினைந்து வீடுகளுக்காக மலைக்குள் 8 கிலோமீட்டர் போய்த் திரும்பும் நடையில் எத்தனை கிழியும்? கிளை மேலாளர் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்த நடைக்கு பஸ்ஸை அனுப்புவீர்கள்? ஒரு டிரைவர் லீவு போட்ட நாளில் எந்த நடையை 'கட்' செய்வீர்கள்?

அதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் பௌர்ணமி தவறாமல் கிரிவலத்துக்குச் சிறப்பு பஸ்கள் வருகின்றன. கார்த்திகை தீபத்துக்கு மாநிலத்தின் எல்லாப் பக்கமிருந்தும் ஆயிரக்கணக்கில். கூட்டம் இருக்கும் மலைக்கு பஸ்ஸைத் திரட்டிக் கொண்டுவர நம் கழகங்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. பல ஆண்டுகள் ஓய்வுபெற்றவர்களின் இடம் நிரப்பப்படவில்லை. 2024 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. 2025 மார்ச்சில்தான் 3,274 டிரைவர், கண்டக்டர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 3,000 புது பஸ் என்றார்கள். மின்சார பஸ் 1,125, அவை சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும்.

பெர்மிட்டில் இருக்கும் சூட்சுமம்

மகளிர் இலவசப் பயணம் எல்லா அரசு பஸ்ஸிலும் கிடையாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும்தான். மலைகளில் ஓடும் பல பஸ்கள் புறநகர் பஸ் கணக்கில் வருபவை. அதனால் ஆரம்பத்தில் மலைப்பகுதிப் பெண்களில் பலர் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள். 2024 பிப்ரவரி 19-ம் தேதி நிதிநிலை அறிக்கையில் இதைச் சரிசெய்யப்போவதாக அறிவித்தார்கள். அதில் பெயர் சொல்லப்பட்ட இடங்கள் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை. மூன்றுமே எல்லோருக்கும் தெரிந்த மலைகள், தேயிலையோ சுற்றுலாவோ பேர் வாங்கிக்கொடுத்த மலைகள். அந்த வரியில் ஜவ்வாது மலையின் பெயர் வரவில்லை.

தமிழ்நாட்டின் மலை என்றால் கோட்டையில் இருப்பவர்களுக்கு முதலில் ஊட்டிதான் ஞாபகம் வரும்போல. கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஜவ்வாது, கல்வராயன், பச்சமலை, சித்தேரி எல்லாம் வரிசையில் பின்னால்தான்.

ஜவ்வாது மலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலை ஒன்றுதான், மாவட்டம் மூன்று. ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு, காவலூர் எல்லாம் திருப்பத்தூர் மாவட்டம். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து வந்தது அது. பீஞ்சமந்தை பக்கம் வேலூர் மாவட்டம், அணைக்கட்டு ஒன்றியம். போக்குவரத்துக் கழகம் என்னவோ விழுப்புரம் கோட்டம் என்ற ஒரே குடைதான். ஆனால் வழித்தட மனு போவது மூன்று கலெக்டர் ஆபீசுகளுக்கு. மலைக்குக் குறுக்கே, ஒரு மாவட்டத்து ஊரிலிருந்து பக்கத்து மாவட்டத்து ஊருக்குப் போகவேண்டியவர்களின் தேவை யாருடைய கோப்பிலும் முழுசாக வராது.

ரோடு இருந்தால்தானே பஸ்?

2023 மே மாதம். அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமம். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. சரியான சாலை இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரத் தாமதமாகி, குழந்தை இறந்துபோனது. அதோடு முடியவில்லை. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை தீர்ந்த இடத்தில் இறக்கிவிட, அந்தத் தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நடந்தார். செய்தியை அப்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்படி ஒரு ஊரில் பஸ் பற்றிப் பேசுவதே அடுத்த கட்டம். முதலில் சாலை வேண்டும். சாலை போடவேண்டிய இடம் காப்புக்காடு. 'வனத்துறை அனுமதி இல்லை' என்ற பதில் மலைவாசிகளுக்கு மனப்பாடம். உண்மையில் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பள்ளி, ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, குடிநீர், சாலை என்று 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தை, கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது என்பது நிபந்தனை. ஒரு ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். 5 மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் 2 கிலோமீட்டர் வரும். குக்கிராமத்தை மெயின் ரோட்டோடு இணைக்கப் பல இடங்களில் அந்த 2 கிலோமீட்டர் போதும். பத்து கிலோமீட்டர் தேவைப்படும் இடத்துக்கு இந்தச் சலுகை எட்டாது, டெல்லி வரை போகும் நீண்ட அனுமதிதான்.

சாலை வந்த பிறகும் பஸ் தானாக வந்துவிடாது. திங்கள்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுக்கவேண்டும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், போக்குவரத்துக் கழகம், சாலைத்துறை எல்லாம் வந்து வளைவு எவ்வளவு, அகலம் எவ்வளவு, திருப்ப இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சோதனை ஓட்டம் நடக்கும். அதன் பிறகு மாலை போட்டு, கொடியசைத்து, எம்.எல்.ஏ. கொஞ்ச தூரம் பஸ்ஸிலேயே போய், போட்டோ. அந்த முதல் நாள் பஸ் மூணு மாசம் கழித்தும் வருகிறதா என்று பார்க்கத்தான் ஆள் இருப்பதில்லை.

பஸ் வராத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு இன்னொரு தேதி. 2022 ஏப்ரல் 2. திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் புலியூரிலிருந்து செம்பரை கோயிலுக்குக் கூட்டமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. 11 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துக்குப் பிறகு 'ஏன் அவ்வளவு பேர் ஏறினார்கள்' என்று கேட்பது சுலபம். மலையில் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ சாவு வீட்டுக்கோ போகவேண்டிய முப்பது பேருக்கு வேறு என்ன வண்டி கிடைக்கும் என்று கேட்பதுதான் சரி.

சரக்கு வண்டியில் போவதில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. லோடு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தரவேண்டிய கட்டாயம் இல்லை என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பஸ் இல்லாததால் லோடு வண்டியில் ஏறுகிறவர் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை, பின்னால் குடும்பத்துக்கு வரவேண்டிய பணத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

2024-ல் ஜவ்வாது மலையைச் சேர்ந்த 23 வயது ஸ்ரீபதி சிவில் நீதிபதியாகத் தேர்வானதை நாடே கொண்டாடியது. பிரசவம் முடிந்த கையோடு காரில் சென்னை போய்த் தேர்வு எழுதியவர். முதல்வர் வாழ்த்தினார், நாமும் ஸ்டேட்டஸ் வைத்தோம். அந்த வைராக்கியத்துக்குத் தலைவணங்கலாம், சந்தேகமில்லை. ஆனால் கார் ஏற்பாடு செய்ய முடியாத வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பரீட்சை மலை அடிவாரத்திலேயே முடிந்துபோகும் என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் செய்தியைப் படிக்கவேண்டியிருக்கிறது.

மினி பஸ் காப்பாற்றுமா?

2025 ஜூன் 16-ம் தேதி தஞ்சாவூரில் முதல்வர் தொடங்கிவைத்த புதிய மினி பஸ் திட்டம் இதற்குத்தானே என்று கேட்கலாம். 1997-ல் கலைஞர் ஆட்சியில் வந்த மினி பஸ்ஸின் புது வடிவம். வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் 65 சதவிகிதமாவது பஸ்ஸே போகாத பாதையாக இருக்கவேண்டும். யோசனை நல்லது. பழைய திட்டத்தில் இருந்த 20 கிலோமீட்டர் வரம்பைவிட இது தாராளம்.

ஆனால் ஓட்டுபவர் தனியார். டிக்கெட் வசூல்தான் அவருடைய வருமானம். மகளிர் இலவசம் இதில் கிடையாது, அதனால் ஜீரோ டிக்கெட் பில்லும் கிடையாது. தஞ்சாவூர்ச் சமவெளியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களை இணைத்து ஓட்டுகிறவருக்கு இது கட்டுப்படியாகலாம். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் டீசலைக் குடித்துக்கொண்டு ஏறும் வண்டிக்கு? அரசுக் கழகத்துக்கே ஒத்துவராத ரூட்டில், கடன் வாங்கி வண்டி எடுத்த ஒரு தனிமனிதர் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? மலைக்கு மினி பஸ் வேண்டுமென்றால் வசூலுக்கும் செலவுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை யாராவது நிரப்பியாகவேண்டும்.

நிரப்பிக் காட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேரளத்தில் 2022 ஜூலையில் 'கிராம வண்டி' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தின் கொல்லயில் ஊராட்சியில் முதல் பஸ். ஏற்பாடு எளிமையானது. பஸ், டிரைவர், கண்டக்டர், ரிப்பேர் எல்லாம் கே.எஸ்.ஆர்.டி.சி. பொறுப்பு. டீசல் செலவு மட்டும் ஊராட்சி தரவேண்டும். எந்தப் பாதையில், எத்தனை மணிக்கு என்பதை ஊராட்சி சொல்லும். உள்ளூர் நிறுவனங்களோ தனிநபர்களோ ஸ்பான்சர் செய்யவும் இடம் உண்டு. டீசல் காசு கொடுப்பவர்கள் ஊர்க்காரர்கள் என்பதால், பஸ் ஒருநாள் வராவிட்டால் கேள்வி கேட்கவும் ஆள் இருக்கிறது.

இதை அப்படியே ஜவ்வாது மலைக்குக் கொண்டுவர முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேரள ஊராட்சிகளின் கையில் இருக்கும் நிதியும் அதிகாரமும் வேறு. நம் மலை ஊராட்சிகளுக்கு வீட்டு வரி, தண்ணீர் வரி வசூலித்தால் தெருவிளக்கு கரண்ட் பில்லுக்கே சரியாகப் போய்விடும். அவர்களிடம் டீசல் காசு கேட்பது அநியாயம். ஆனால் பணம் கொடுக்க வேறு ஒரு பை இருக்கிறது. 2024 ஜூனில் சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் இந்தச் சமூகங்களுக்கு நிதி ஒதுக்கவேண்டும் என்கிறது அது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் பழங்குடியினர் வாழிடங்களுக்கென 'தொல்குடி' திட்டம் வேறு, நான்கு ஆண்டுகளுக்கு 1,000 கோடி. சாலை, வீடு, குடிநீர் எல்லாம் அந்தப் பேச்சில் வருகிறது. பஸ் ஏன் வரக்கூடாது? ஜவ்வாது மலையில் நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் பஸ் ஓடவேண்டும், கிலோமீட்டருக்கு இவ்வளவு தருகிறோம், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் தருகிறோம் என்று பழங்குடியினர் நலத்துறை விழுப்புரம் கோட்டத்தோடு ஒப்பந்தம் போடலாமே. சென்னையில் மின்சார பஸ் நிறுவனத்துக்குத் தருவது இதே முறையில்தான். சென்னைக்குச் செல்லுபடியாகும் முறை மலைக்குச் செல்லாது என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

குத்துமதிப்பாக ஒரு கணக்கு. நாளைக்கு 40 கிலோமீட்டர் நடை நான்கு, ஆக 160 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 60 ரூபாய் ஈடு என்று வைத்தால் நாளைக்கு 9,600 ரூபாய், வருஷத்துக்கு 35 லட்சம். பத்து பஸ் என்றால் மூன்றரைக் கோடி. மேலே பார்த்த 7,239 கோடிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

சுவிட்சர்லாந்தும் மலை நாடுதான். அங்கே ஆண்டு முழுக்க 100 பேராவது குடியிருக்கும் ஊர் என்றால், அதற்கான பஸ் செலவில் மத்திய அரசு பங்கு போடுகிறது, மாகாண அரசும் போடுகிறது. பணக்கார நாடு, சரி. ஆனால் அங்கே கவனிக்கவேண்டியது அந்த 100 என்ற எண்ணை. எத்தனை பேர் பஸ்ஸில் ஏறினார்கள் என்று அவர்கள் முதலில் கேட்பதில்லை, எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று கேட்கிறார்கள். நம் ஊருக்கு 100 என்பதற்குப் பதில் 250 வைக்கலாம், 300 வைக்கலாம். ஏதோ ஒரு எண் இருந்தால் போதும். இன்றைக்கு ஒரு மலைக்கிராமத்துக்கு பஸ் வருவதும் நிற்பதும் எம்.எல்.ஏ.வின் ஞாபகத்தையும், கிளை மேலாளரின் மனசையும், அன்றைக்கு எத்தனை டிரைவர் டூட்டிக்கு வந்தார்கள் என்பதையும் பொறுத்து இருக்கிறது.

நீங்கள் மலைக்காரராக இருந்து இதைப் படிக்கிறீர்களா? கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 'எங்கள் ஊருக்கு பஸ் வசதி வேண்டும்' என்று ஒற்றை வரியில் தீர்மானம் போட்டால், 'பரிசீலிக்கப்படும்' என்று ஒற்றை வரியில் பதில் வரும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, காலையில் எத்தனை மணிக்கு, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கும் காலேஜுக்கும் போகிறார்கள், சந்தை என்றைக்கு, இப்போது ஜீப்புக்கு ஆளுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். சாலைக்கு வனநிலம் தேவைப்பட்டால் 3(2) பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஊருக்கு வருவது டவுன் பஸ் பெர்மிட்டா, புறநகர் பெர்மிட்டா என்பதையும் கேட்டு வையுங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் காசு கொடுக்கவேண்டுமா வேண்டாமா என்பது அதில்தான் இருக்கிறது.

காரில் வருகிற விருந்தாளியாக இருந்தால், அடுத்த முறை ஜமுனாமரத்தூரில் டீ குடிக்க இறங்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வீர்கள் என்பதையும்.